தாராளமா இடம் இருக்குங்க

உங்கள் ஸ்டேஷன் பிரிண்டரில் தாள் சிக்குவதற்குப் பிரிண்டர் காரணம் இல்லை மேடம். தாள் கட்டைச் சன்னலோரம் வைத்திருக்கிறீர்கள். சாரல் பட்டு ஈரம் ஏறிய தாளை எந்தப் பிரிண்டரும் ஒழுங்காக இழுக்காது. பீரோவுக்குள் வைத்தால் சரியாகிவிடும். நேற்றே சொல்லியிருப்பேன். ஏட்டையா அந்தப் பிரிண்டரைத் தட்டிக்கொண்டிருந்த வேகத்தைப் பார்த்து, நடுவில் போய்ச் சொன்னால் அவர் மனசு கஷ்டப்படுமே என்று விட்டுவிட்டேன்.

என் பெயர் சென்னியப்பன். சொந்த ஊர் கொடுமுடி. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. பெருந்துறையில் அதற்கு ஒரு கிளை உண்டு, அதையும் நான்தான் பார்த்துக்கொண்டேன். சாஜிதா பேகத்தின் முதல் ஸ்கேன் என்ன ஆயிற்று, அது இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்று கேட்டீர்கள். பிழைத்திருப்பாரா என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. ஸ்கேன் என்ன ஆயிற்று என்பதைச் சொல்கிறேன். வக்கீல் வைத்துக்கொள்ளலாம் என்றீர்கள். வேண்டாம். வாயால் சொல்வதைவிட எழுதித் தருகிறேன் என்று நானாகத்தான் இந்தத் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

விஷயம் புரிய வேண்டுமானால் சர்வரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பயப்படாதீர்கள், கொஞ்சம்தான். எங்கள் சென்டரின் பின்பக்கம் ஒரு ஏ.சி. அறையில் ஒரே ஒரு பெரிய சர்வர் இருக்கிறது. ஆனால் தனக்குள் நாலைந்து கம்ப்யூட்டர்கள் இருப்பதுபோல அது நடிக்கும். ஒரே வீட்டைத் தடுத்துப் போர்ஷன் போர்ஷனாக வாடகைக்கு விடுகிறோம் இல்லையா, அந்த மாதிரி. பில் போடுகிற கம்ப்யூட்டர் ஒரு போர்ஷன். ரிப்போர்ட் அடிக்கிற கம்ப்யூட்டர் ஒரு போர்ஷன். ஸ்கேன் படங்களைச் சேர்த்து வைக்கிற கம்ப்யூட்டர் ஒரு போர்ஷன். ஒவ்வொன்றும் தனக்கென்று தனி வீடும் தனி டிஸ்க்கும் இருப்பதாக நம்பிக்கொண்டு வேலை செய்யும். அப்படி நம்பவைப்பதுதான் என் வேலை. சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே செய்தேன்.

நாங்கள் வைத்திருந்தது பழைய சாஃப்ட்வேர். அதில் ஒரு போர்ஷனுக்குக் கொடுக்கும் ஒரு டிஸ்க் இரண்டு டெராபைட்டைத் தாண்ட முடியாது. சரியாகச் சொன்னால் இரண்டு டெராபைட்டுக்கு ஐந்நூற்றுப் பன்னிரண்டு பைட் குறைவு. அந்த ஐந்நூற்றுப் பன்னிரண்டு பைட்டில் தமிழில் நாலு வரி எழுதினாலே நிரம்பிவிடும், ஆனாலும் அதைக்கூட விட்டுக்கொடுக்காது. சர்வரில் மொத்தமாகப் பார்த்தால் இடத்துக்குப் பஞ்சமே இல்லை. எட்டு டெராபைட் போட்டிருந்தோம், பாதி சும்மா கிடந்தது. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இடம் இருந்தது. ஸ்கேன் படங்கள் இருந்த டிஸ்க்கால் அந்த இடத்துக்குக் கை நீட்ட முடியவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு வைத்தியம் இல்லாமல் இல்லை. அந்தப் போர்ஷனுக்கு இன்னொரு டிஸ்க்கைச் சேர்த்து, புதுப் படங்களை இனிமேல் இங்கே போடு என்று ஸ்கேன் சாஃப்ட்வேருக்கு வழி காட்டிவிட்டால் தீர்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. அன்றைக்கு மட்டும் இரண்டு ஊரிலும் ஸ்கேன் எடுக்க முடியாது. அதற்கு டாக்டரம்மாவிடம் கேட்க வேண்டும்.

டாக்டர் பிரத்யுஷாவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சென்டர் அவருடையது. படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவதும் அவர்தான். வயதில் என்னைவிடச் சின்னவர், என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். பெருந்துறைக் கிளை திறந்த சமயத்தில் எங்கள் எல்லாரையும் உட்காரவைத்துப் பேசினார். நோயாளிகள் பழைய ஃபிலிமைப் பையில் போட்டுக்கொண்டு ஊர் ஊராக அலைகிறார்கள், பாதிப் பேர் தொலைத்துவிடுகிறார்கள், இனிமேல் எல்லாருடைய படமும் நம்மிடமே பத்திரமாக இருக்க வேண்டும் என்றார். அவர் முகத்தில் அன்றைக்கு அப்படி ஒரு சந்தோஷம். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“இடம் பத்துங்களாண்ணா?”

“தாராளமா இருக்குங்க” என்றேன்.

பொய் இல்லை. சர்வரில் இடம் தாராளமாகத்தான் இருந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். டிஸ்க்குக்கு எல்லை உண்டு, அது நெருங்கிக்கொண்டிருக்கிறது என்று அந்தக் கைதட்டலுக்கு நடுவில் எப்படிச் சொல்வது? பிறகு தனியாகச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். அதற்குள் வரவேற்பறையில் ஒரு போர்டு மாட்டினார்கள். பழைய ஃபிலிம் கொண்டுவர வேண்டாம், உங்கள் படம் எங்களிடம் பத்திரம் என்று போட்டிருக்கும். வாசகம் நான் எழுதிக்கொடுத்ததுதான்.

நீங்கள் தூத்துக்குடிப் பக்கம் என்று ஏட்டையா சொன்னார். எங்கள் பக்கத்துப் பழக்கம் உங்களுக்குப் புதிதாக இருக்கலாம். எங்கள் வீட்டில் அரிசி தீர்ந்துபோனால் இல்லை என்று சொல்லக் கூடாது, நிறைந்திருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். கேட்டவர் புரிந்துகொண்டு கடைக்குப் போய்விடுவார். கல்யாணத்துக்குக் கூப்பிட வந்தவரிடம் வர முடியாது என்று யாரும் சொல்வதில்லை. வந்துடறோமுங்க என்போம், போக மாட்டோம், அவரும் எதிர்பார்த்திருக்க மாட்டார். என் அப்பா பாலுசாமி உரக்கடை வைத்திருந்தார். யூரியாத் தட்டுப்பாட்டுக் காலத்தில்கூட ஒரு ஆளிடம் இல்லை என்று சொன்னது கிடையாது. நாளைக்கு வந்துருமுங்க என்பார். ஜனங்களும் நாளைக்கு வருவார்கள். ஒருவர் முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்வது எங்களுக்குக் கை ஓங்குகிற மாதிரி. சர்வருக்கு இந்த நாசூக்கெல்லாம் தெரியாது. இடம் இல்லை என்றால் இல்லை என்று சிவப்பு எழுத்தில் போட்டுவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அப்படிப் போட்டது. வெளியே ஆட்கள் வெறும் வயிற்றோடு ஸ்கேனுக்குக் காத்துக்கொண்டிருந்தார்கள். உடனே இடம் பண்ணியாக வேண்டும். இரண்டு தடவை பதிவான படங்கள் கொஞ்சம் இருந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு பிரதியை அழித்தேன். இதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. ஸ்கேன் ஓடியது. டாக்டரம்மா மதியம் என்னைப் பார்த்து, காலையில் ஏதோ தகராறு என்றார்களே என்று கேட்டார். ஒன்றுமில்லைங்க, சரி பண்ணியாச்சு என்றேன். ஒன்றுமில்லை என்று சொல்வது மட்டும் எனக்குச் சுலபமாக வரும்.

இரட்டைப் படங்கள் ஒரு மாதத்துக்குத்தான் தாங்கின. அதற்கப்புறம் இறந்துபோனவர்களுடைய படங்களை அழித்தேன். ஆர்.எஸ்.புரம் வரும் வழியெல்லாம் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். வண்டியை ஓரமாக நிறுத்திப் பெயர், ஊர், வயது பார்த்துக்கொள்வேன். சென்டருக்கு வந்து தேடினால் ஒன்றிரண்டு பேராவது எங்களிடம் ஸ்கேன் எடுத்தவர்களாக இருப்பார்கள். அவர்களுக்கு இனி எதற்குப் படம்? சில நாள் ஒரு பெரிய போஸ்டரைப் பார்த்தால் மனசுக்கு நிம்மதியாக இருக்கும். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அந்தக் குடும்பத்துக்காக வருத்தமும் பட்டிருக்கிறேன்.

ஆனால் நகரத்தில் சாகிறவர்களைவிட ஸ்கேன் எடுக்கிறவர்கள் அதிகம். அடுத்தபடியாக ரொம்ப வயதானவர்கள். பிறகு வெளியூர்க்காரர்கள். அதுவும் போதவில்லை என்றபோது உட்கார்ந்து நிதானமாக யோசித்தேன். உயிரோடு இருப்பவர்களில் யாருடைய படம் திரும்பத் தேவைப்படாது? ஒரு வருஷம் கழித்து வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டரம்மா எழுதியனுப்புவார் பாருங்கள், அவர்கள்தான் என்று எனக்குப் பட்டது. ஒரு வருஷம் கழித்து வா என்றால் நம் ஊரில் யார் வருகிறார்கள்? வலி இல்லை, காய்ச்சல் இல்லை, மறந்துவிடுவார்கள். உடம்புக்கு முடியாதவர்கள் அடுத்த மாதமே வருவார்கள், அவர்கள் படத்தில் நான் கை வைத்ததே இல்லை. நல்லபடியாக இருக்கிறவர்கள் படத்தை மட்டும்தான் எடுத்தேன். பேக்கப் இல்லையா என்று நீங்கள் கேட்டீர்கள். பேக்கப் தினமும் ஒழுங்காக நடந்தது. இங்கே நான் அழித்ததை அங்கேயும் ஒழுங்காக அழித்துவிடும்.

அப்படி ஒரு வருஷம் கழித்தும் மறக்காமல் வந்த முதல் ஆள் பெருந்துறைக்காரர் ஒருவர். பெயர் நினைவில்லை. சிப்காட்டில் ஏதோ கம்பெனியில் சூப்பர்வைசர். நுரையீரலில் ஒரு சின்னக் கட்டி, வளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வந்திருந்தார். அவரும் அவர் மனைவியும் டாக்டரம்மாவின் அறையில் எதிரே உட்கார்ந்திருக்க, டாக்டரம்மா எனக்குப் போன் போட்டுப் பழைய படம் திரையில் வரவில்லையே என்றார். வருதுங்க, அஞ்சு நிமிஷம் என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. நான் என் மேசையில் அந்தக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அந்த அம்மா புருஷனின் சட்டைக் காலரைச் சரி பண்ணிக்கொண்டிருந்தார். போய் இல்லைங்க, அழிச்சுட்டேனுங்க என்று எப்படிச் சொல்வேன்?

அன்றைக்கு எடுத்த படம் கையில் இருந்தது. அதையே ஒரு பிரதி எடுத்து, போன வருஷத் தேதியைப் போட்டேன். ஸ்கேன் படம் அடுக்கடுக்காக இருக்கும், அதில் மேலும் கீழும் சில அடுக்குகளை வெட்டினேன், வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்தேன், ஒரு பக்கமாக லேசாகச் சாய்த்தேன். அச்சாக ஒரே மாதிரி இருந்தால் டாக்டரம்மாவுக்குச் சந்தேகம் வரும் இல்லையா. பிறகு அனுப்பினேன். அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, மாற்றம் இல்லை என்று எழுதினார். அந்த மனிதர் வெளியே வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். ஒரு வருஷமாகத் தூக்கம் இல்லீங்க என்றார். அவர் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் யார் வந்தாலும் இதே முறைதான். ரிப்போர்ட் வெளியே போனதும் அந்தப் பிரதியை அழித்துவிடுவேன், அதுவும் இடம் அடைக்கும் அல்லவா. யோசித்துப் பாருங்கள் மேடம், நான் யாருக்குக் கெட்ட செய்தி கொடுத்தேன்? வந்த ஒவ்வொருவரும் சிரித்த முகத்தோடுதான் போனார்கள். எங்கள் சென்டரில் சொன்னால் நல்லதாகத்தான் இருக்கும் என்று அக்கம்பக்கத்தில் ஒரு பேச்சே வந்தது. கூட்டம் கூடியது. டாக்டரம்மா மூன்றாவது கிளை திறக்கலாமா என்று கேட்டார். இடம் இருக்குங்களா என்று கேட்டார். இருக்குங்க என்றேன்.

இப்போது சாஜிதா பேகம். கோட்டைமேட்டில் பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுப்பவர். வீட்டு முன்னறையில் நாலு மெஷின் போட்டிருந்தார். கணவர் இல்லை, ஒரே மகள் ஃபர்சானா. முதல் தடவை ஒரு மார்ச் மாதம் வந்தார். நுரையீரலில் மிளகு அளவுக்கு ஒரு புள்ளி இருப்பதாக டாக்டரம்மா சொன்னார். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, ஒரு வருஷம் கழித்துப் பார்ப்போம், வளர்ந்திருந்தால் அப்போதே வெட்டி எடுத்துவிட்டால் ஆள் நன்றாக இருப்பார் என்று விளக்கமாக எடுத்துச் சொல்லி அனுப்பினார். ஒரு வருஷம் கழித்து வரச் சொன்ன ஆள். அந்த வகையில் அவருடைய படமும் போயிற்று.

ஆனால் அவர் வந்தார். சொன்ன மாதத்தில், சொன்ன வாரத்தில் வந்தார். நோன்பு முடியட்டும் என்றுகூட இருக்கவில்லை. ஸ்கேன் எடுத்துவிட்டு நடையில் உட்கார்ந்திருந்தவர், நான் அந்தப் பக்கம் போனபோது கூப்பிட்டுக் கேட்டார்.

“ஏந்தம்பி, என் பழைய படம் இருக்குதில்ல? அதப் பாத்துத்தான் சொல்லுவாங்களாமா.”

“உங்களுது எங்க போகப் போகுதுங்கக்கா. பத்திரமா இருக்குங்க.”

சொல்லிவிட்டு அறைக்குள் போய் வழக்கம்போலச் செய்தேன். புதுப் படத்தில் அந்தப் புள்ளி சுண்டைக்காய் அளவுக்கு இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது நான் புள்ளியையெல்லாம் பார்ப்பதில்லை. பழைய ரிப்போர்ட்டில் மிளகு அளவு என்று டாக்டரம்மா கையெழுத்துப் போட்டிருக்கிறார், ஆனால் நான் அனுப்பிய பழைய படத்திலும் சுண்டைக்காய் அளவுதான் இருக்கிறது. எழுத்தை நம்புவாரா படத்தை நம்புவாரா? படத்தைத்தான் நம்பினார். தன் மேலேயே குற்றம் சுமத்திக்கொண்டு, சாஜிதா பேகத்தைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார்.

“போன தடவ நாந்தான் கம்மியா அளந்துட்டேனுங்கக்கா. ரெண்டும் ஒரே அளவுதான். மாற்றமே இல்லீங்க. தைரியமாப் போங்க.”

அந்த அம்மா அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி முகத்தைக் கையால் தடவிக்கொண்டார். மகளின் நிக்காஹ் பேச்சை இந்தப் பயத்தினால்தான் தள்ளிப்போட்டிருந்தாராம், இனி பேசி முடித்துவிடலாம் என்றார். பெருநாள் கழிந்து ஒரு பெட்டி இனிப்போடு வந்து எல்லாருக்கும் கொடுத்தார். நானும் ஒன்று எடுத்துக்கொண்டேன்.

ஸ்கேன் எடுத்த அன்றே ஃபர்சானா என்னிடம் வந்து ஒரு பென்டிரைவை நீட்டி, புதுசு பழசு இரண்டு படத்தையும் இதில் போட்டுத் தர முடியுமா அண்ணா என்று கேட்டார். யாரும் அப்படிக் கேட்டதில்லை. அனுமதி கிடையாதுங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் நீட்டிய கையைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு வரவில்லை. போட்டுக் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் சர்வரில் பிரதியை அழித்தேன். இப்போது உங்கள் மேசைமேல் உறை போட்டு வைத்திருக்கிறீர்களே, அந்தப் பென்டிரைவ்தான்.

செப்டம்பர் வாக்கில் அந்த அம்மாவுக்கு இருமலும் முதுகுவலியும் வந்திருக்கிறது. குனிந்து தைப்பதால் வலி என்று நினைத்திருக்கிறார். ஸ்கேன்தான் நல்லபடியாக வந்திருக்கிறதே என்று அசட்டையாக இருந்துவிட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது முதுகெலும்புக்குப் பரவிவிட்டது, இனி அறுவைக்கு வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். செய்தி வந்த அன்று டாக்டரம்மா கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கூப்பிட்டார். அந்தப் பழைய படத்தை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்றார். வருதுங்க என்றேன். எனக்குக் கண் போய்விட்டதா அண்ணா, எப்படி விட்டேன் என்று கேட்டு மேசைமேல் தலையை வைத்து அழுதார். எனக்கு ரொம்பக் கஷ்டமாகப் போய்விட்டது. தண்ணீர் எடுத்து வந்து கொடுத்தேன். உங்க மேல ஒரு தப்பும் இல்லீங்க என்று சொன்னேன். அது முழு உண்மை, ஆனால் அவர் ஆறுதலுக்குச் சொல்வதாக நினைத்துக்கொண்டார். அடுத்த வாரத்திலிருந்து அவர் ரிப்போர்ட் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

ஃபர்சானா வந்தது அதற்குப் பிறகு. ஆஸ்பத்திரியில் பென்டிரைவைப் போட்டுக் காட்டும்போது கூட நின்று பார்த்திருக்கிறார். படிப்பு பி.காம்., டாக்டருக்குப் படித்தவர் இல்லை. ஆனால் தோள் பக்கத்தில் வெள்ளையாகப் பளீரென்று ஒரு பட்டை தெரிந்ததும் அது என்ன என்று கேட்டிருக்கிறார். எலும்பில் வைத்த பிளேட் என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நானும் அந்தப் பட்டையைப் பார்த்திருந்தேன், எலும்புதான் என்று விட்டுவிட்டேன். அவர் என் மேசைக்கு முன்னால் நின்றார். குரலை உயர்த்தவே இல்லை.

“அண்ணா, நானும் அம்மாவும் ஸ்கூட்டில விழுந்தது போன வருஷம் ஜூலை மாசம். நாந்தான் ஓட்டுனேன். தோள்ல பிளேட் வெச்சது அப்பத்தான். இந்தப் பழைய படத்துல அதுக்கு முந்தின மார்ச்னு தேதி இருக்குது. மார்ச்ல எப்படிங்கண்ணா உள்ள பிளேட் இருக்கும்?”

“சிஸ்டத்துல தேதி மாறி விழுந்திருக்குமுங்க. பாத்து வெக்கிறேன். நாளைக்கு வாங்க அம்மணி.”

“அம்மாவுக்கு அவ்வளவு நாள் இல்லைங்கண்ணா” என்றார்.

அவர் நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறார். அந்த மாதம் முடிவதற்குள் சாஜிதா பேகம் இறந்துபோனார். கோட்டைமேடு பள்ளிவாசல் வரைக்கும் போனேன், உள்ளே போகாமல் வெளியே நின்றுவிட்டு வந்தேன். எனக்கு அந்த அம்மா மேல் மரியாதை உண்டு. சொன்ன தேதிக்கு வருகிறவர்கள் ரொம்பக் குறைவு.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். முதல் ஸ்கேனை அழித்தது நான். இரண்டாவது ஸ்கேனுக்குப் பழைய தேதி போட்டு அதையே முதல் ஸ்கேன் என்று காட்டியது நான். டாக்டரம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை வேலையை ஏன் செய்யவில்லை என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். செய்ய வேண்டுமானால் அன்று இடம் இருக்கிறது என்று சொன்னேனே, அது இல்லை என்று டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். ஒருநாள் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. நேற்று மதியம் நீங்கள் மற்றவர்களைப் பற்றிக் கேட்டீர்கள். மாற்றம் இல்லை என்று எங்கள் சென்டரில் ரிப்போர்ட் வாங்கியவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அதில் உண்மையானது எது, நான் செய்தது எது என்று ரிப்போர்ட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. சர்வரிலும் தடயம் இல்லை, பிரதிகளை அழித்துவிட்டேன், அதற்குப் பிறகு உண்மையான பழைய படங்களும் நிறையப் போய்விட்டன. எனக்கு டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நீங்கள் கேட்டதை அப்படியே நினைவு வைத்திருக்கிறேன்.

“இவங்க எல்லாரும் இன்னும் உயிரோட இருக்காங்க, சென்னியப்பன். இப்பவே கூப்பிட்டுப் பார்த்தா காப்பாத்திடலாம். உங்களுக்கு மட்டும்தான் யார் யாருன்னு தெரியும். தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க, பேப்பர்ல போட்டு எல்லாரையும் வரச் சொல்லிடுறேன்.”

நான் பெயர் சொன்னேன். ஊரோடு சேர்த்துச் சொன்னேன். நீங்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டீர்கள். நடுவில் ஒரு தடவை நிமிர்ந்து, நல்ல காரியம் பண்றீங்க என்றீர்கள். எழுதி முடித்ததும், பேர் கிடைத்துவிட்டதே, இனி பேப்பரில் போட்டு ஊரையே பயமுறுத்த வேண்டாம் என்று போனில் யாரிடமோ சொன்னீர்கள். உங்கள் முகத்தில் அப்படி ஒரு தெளிவு. இன்று காலை பெருந்துறைக்கும் கொடுமுடிக்கும் ஜீப் கிளம்பிவிட்டதாக ஏட்டையா சொன்னார்.

எழுதுவதில் ஒரு வசதி, எதிரே முகம் இருக்காது. அதனால் எழுதிவிடுகிறேன். எனக்கு அவர்களில் ஒருவர் பெயரும் நினைவில்லை. நேற்று சொன்னவை எல்லாம் அந்தந்த ஊருக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று நானாக யோசித்துச் சொன்ன பெயர்கள். நீங்கள் அவ்வளவு நம்பிக்கையோடு கேட்டுவிட்டு எதிரே உட்கார்ந்திருக்கும்போது வேறு என்ன சொல்வது மேடம்? இந்தத் தாள் கைக்கு வருகிற வரைக்குமாவது நீங்கள் நிம்மதியாக இருந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.